104.1-ல் கேட்ட பாடம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது ஜாலியாப் பேசுடா, அழ வெச்சுடாதே" என்று செயலாளர் எச்சரித்துத்தான் மேடை ஏற்றினார். ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்த மர்பி ரேடியோவின் முள்ளைத் திருப்பும் உரிமைக்காகச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே ரேடியோவைப் பற்றியே பேசுகிறேன். நாம் உயிராய்க் கேட்ட இலங்கை வானொலி அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த டபிள்யூ.பி.சி.என். என்ற ராக் இசை நிலையம்.

1978-ல் மேல்படிப்புக்காக பாஸ்டன் போனேன். பழைய சாமான் கடையில் ஒரு எஃப்.எம். ரேடியோ வாங்கினேன். 104.1-ல் முள் நின்றது. ராக் இசை முதலில் தலைவலியைத்தான் தந்தது. ஆனால் அறிவிப்பாளர்கள் பக்கத்து ரூம் பையன் பேசுவது மாதிரி பேசினார்கள். நேயர்கள் கூப்பிட்டு எதையும் விசாரிக்க ஒரு டெலிபோனும் உண்டு. தனியாக இருந்த எனக்கு அதுவே துணை.

அதன் கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆதியில் அது மேற்கத்திய சாஸ்திரீய இசை நிலையம். அந்தக் காலத்தில் எஃப்.எம். கேட்பவர்களே குறைவு, வருமானமும் குறைவு. ரே ரீப்பன் என்ற வழக்கறிஞர் அங்கே 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்ற இசை அரங்கை நடத்திவந்தார். அவர் பேசி, இரவு நேரத்தை ராக் இசைக்கு வாங்கினார். 1968 மார்ச் 15 இரவு, 'கிரீம்' குழுவின் பாட்டோடு ஆரம்பம். முதல் அறிவிப்பாளர்களில் சிலர் கல்லூரி வானொலிகளில் பழகிய மாணவர்கள்! பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பீட்டர் உல்ஃப் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தினார். சில மாதங்களிலேயே பகலும் ராக் இசைக்கு வந்துவிட்டது.

1979 பிப்ரவரியில் நிலையம் கை மாறியது. புது முதலாளிகள் வந்த கையோடு 19 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற ஊழியர்களும் வேலையை விட்டு வெளியே வந்து, குளிரில் மறியல் செய்தார்கள். ரேடியோவைத் திருப்பினால் முன்பின் கேட்டறியாத குரல்கள். பாட்டென்னவோ அதே பாட்டுத்தான். ஆனால் ஊர் ஏற்கவில்லை. நேயர்கள் ஊழியர் பக்கம் நின்றார்கள். விளம்பரதாரர்களும் கை கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை நண்பர்களே. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

1977. நம்ம மெஸ் அண்ணாச்சி. ராத்திரி பத்து மணிக்குப் போனாலும், "இருங்க தம்பி, ரெண்டு தோசை ஊத்துறேன்" என்பாரே, அவர்தான். பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார் என்று ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். தகரப் பெட்டியோடு கேட்டருகில் நின்றார். மறுநாள் காலை புது ஆள் இட்லி வைத்தார். சாப்பிட்டோம். இருநூறு பேர் இருந்தோம், ஒருத்தரும் "அண்ணாச்சி எங்கே?" என்று வார்டனைக் கேட்கவில்லை. பரீட்சை பயம் என்று சொல்லிக்கொண்டோம். நான் அன்று மாணவர் மெஸ் செயலாளர். மற்றவர்களை விட எனக்கு அதில் பங்கு அதிகம்.

முகம் தெரியாத குரல்களுக்காக பாஸ்டன்காரன் செய்ததை, முகம் தெரிந்த மனுஷருக்காக நாம் செய்யவில்லை.

சுமார் மூன்று வாரத்தில் வேலைநிறுத்தம் வென்றது. நீக்கப்பட்டவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பழைய குரல்களை மறுபடி கேட்டபோது ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அந்த நிலையம் இப்போது இல்லை. 2009 ஆகஸ்டில், விளையாட்டு நிலையம் ஒன்றுக்கு இடம் பண்ணுவதற்காக அலைவரிசைகளை மாற்றியமைத்தபோது மூடிவிட்டார்கள். 104.1-ல் வேறு நிலையம் வந்தது. நாற்பத்தோரு வருஷ வாழ்வு, ஒரு கணக்கில் முடிந்தது. அந்த முறை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் 1979-ல் திரும்பி வந்த அத்தனை பேரும் வீட்டில் அடுப்பெரித்தார்களே, அது நடந்தது நடந்ததுதான். அதை யாரும் மூட முடியாது.

செயலாளர் மன்னிக்க வேண்டும், ஜாலியாகப் பேச முடியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி இருக்கிறாரோ இல்லையோ, பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சொல்லுங்கள். நினைவுப் பரிசு, பொன்னாடை எல்லாம் இருக்கட்டும். அந்த வீட்டு வாசலுக்கு ஒருதரம் போய்வருவோம். யார் யார் வருகிறீர்கள்?