ஈயின் சாட்சியம்

(குடிகாட்டில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஈ. சிரிக்கிறீர்கள்! கடலூர்க் கரையில் கருவாடு காயவைக்கும் தாய்மார்களுக்கு இதைப்பற்றி நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு, மீனில் ஈரமிருக்கும்போதே முட்டையிட்டுப் போகுமே, அந்தப் பெரிய ஈயைத்தான் சொல்லுகிறோம். பிணத்தின் மேல் முதலில் வந்து உட்காருவதும் இந்த வகை ஈதான்.

புழு தானாகவே உண்டாகிறதென்று உலகம் நம்பியிருந்த காலமுண்டு. இத்தாலியில் ரெடி என்பவர் இறைச்சியைச் சில ஜாடிகளில் திறந்தும், சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்துப் பார்த்து, 1668-இல் வெளியிட்டார். மூடிய ஜாடியின் இறைச்சியில் புழு இல்லை. ஈ முட்டையிட்டால்தான் புழு என்று ஏற்பட்ட பிறகு, புழுவின் வயதைக் கண்டால் பிணம் எத்தனை நாளாகக் கிடக்கிறதென்று கணக்குப் போடலாமல்லவா? 1935-இல் ஸ்காட்லாந்தில் ஓர் ஓடையருகே இரண்டு பெண்களின் உடல்கள் துண்டு துண்டாய்க் கிடந்தன. பம்பாயில் பிறந்த ரக்ஸ்டன் என்ற டாக்டர்மேல் நடந்த அந்தக் கொலை வழக்கில், புழுக்களின் வயதும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. மை போட்டுப் பார்த்தவனும் குறி சொன்னவனும் அங்கே தேவைப்படவில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புழுவாயிருக்கும்போது பல இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. வளரும் வேகமோ இனத்துக்கு இனம் வேறு; வெயிலுக்கும் குளிருக்கும் வேறு. இனத்தைத் தப்பாக எடுத்தால் நாள் கணக்கு தப்பும். நாள் தப்பினால், அன்று ஊரிலேயே இல்லாத குற்றவாளி தப்பிப்பதும், ஊரிலிருந்த நிரபராதி மாட்டிக்கொள்வதும் நடக்கும்! இதற்காகவே 1990-களிலிருந்து புழுவின் மரபணுவைப் படித்து இனம் காண்கிறார்கள். தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்டிரியா மரபணுவில் ஒரு சிறு துண்டே பெரும்பாலும் போதுமானது.

‘பெரும்பாலும்’ என்று யோசித்துத்தான் சொன்னோம். ஹவாய்த் தீவில் பிடித்த லூசிலியா குப்ரினா என்ற ஈயின் தாய்வழி மரபணு, அதன் உறவினமான லூசிலியா செரிக்காட்டாவோடு நெருங்கியிருந்தது. எப்போதோ நடந்த கலப்பு! (ஈக்களுக்கு ஜாதிக் கட்டுப்பாடு கிடையாது போலும்.) ஆகவே ஒரே ஒரு மரபணுவை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது, வேறு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். ஒரே இனத்திற்குள்ளும் ஊருக்கு ஊர் வித்தியாசமிருக்கும். அந்நிய நாட்டில் குளிரில் வளர்த்து எழுதிய அட்டவணையை, நம் கடலூர் வெயிலுக்கு அப்படியே ஒட்டவைப்பது எந்த அறிவு? நம் ஈயை நம் வெயிலில் வளர்த்து எழுதிய கணக்கல்லவா வேண்டும்?

சென்னையில் 1849-லேயே இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் ஏற்பட்டது. அவ்வளவு பழமையுள்ள நாட்டில் இன்னும் புழு என்றால் முகம் சுளிப்பதா? பிணத்தைத் தொடும் வேலையை ஒரு கூட்டத்தார் தலையிலேயே கட்டிவிட்டு, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். எந்தப் புழு எத்தனை நாளில் வருமென்பது சவக்கிடங்கில் வேலை செய்யும் அந்தத் தோழருக்குக் கண்ணால் கண்ட பாடம். அவரை யார் கேட்கிறார்கள்?

புழுவைக் கண்டவுடன் தண்ணீர் விட்டுக் கழுவினால் சாட்சியையே கழுவிவிட்டதாகும். கொஞ்சத்தை எரிசாராயத்தில் போட்டு வைக்கவேண்டும். கொஞ்சத்தை உயிரோடு வளர்த்து ஈயாக்கிப் பார்க்கவேண்டும். கிடந்த இடத்தின் வெப்பத்தையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சீசாவும், ஒரு வெப்பமானியும், அருவருப்புப்படாத ஓர் ஆளுமே வேண்டியது.