வேடத்துள் மறைந்த நடிகர்: பல்ராஜ் சாஹ்னி

நடிகர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் ஓர் உருவம் எழுகிறது. எடுப்பான தோற்றம், கணீரென்ற குரல், கண்டவுடன் இன்னார் என்று சொல்லத்தக்க தனி நடை ஆகியவை அந்த உருவத்தின் அடையாளங்கள். அவர் எந்த வேடம் புனைந்தாலும் அந்த உருவம் மறைவதில்லை. மறையக்கூடாது என்பதே ரசிகர்களின் விருப்பமும் ஆகும். இதற்கு மாறாக, ஏற்ற வேடத்தினுள் தாம் இருக்கும் இடமே தெரியாமல் மறைந்துவிடும் நடிகர்களும் உண்டு. அவர்கள் மிகச் சிலரே. இந்தித் திரையுலகில் அச்சிலருள் முதல்வராகக் கருதத்தக்கவர் பல்ராஜ் சாஹ்னி. அவருக்கு இத்திறன் பிறவியிலேயே வாய்த்ததன்று. அவர் அதனை அரிதின் முயன்று பெற்றார். அந்த முயற்சியின் வரலாற்றையே இங்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

பல்ராஜ் 1913ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் ராவல்பிண்டியில் பிறந்தார். அன்று அது பிரிக்கப்படாத பஞ்சாபின் ஒரு நகரம். 1947க்குப் பின் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. தந்தையார் வணிகர், ஆரிய சமாஜப் பற்று மிக்கவர். புகழ்பெற்ற இந்தி எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னி இவருடைய இளவல். லாகூர் அரசினர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்ற பல்ராஜ், சிறிது காலம் தந்தையாரின் வணிகத்தில் துணை நின்றார். ஆனால் அவர் மனம் அதில் ஒன்றவில்லை. மனைவி தமயந்தியுடன் வங்காளம் சென்று, சாந்திநிகேதனத்தில் ஆசிரியரானார்.

அங்கு மகாகவி தாகூர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். எந்த மொழியில் எழுதுகிறீர் என்பது அக்கேள்வி. பல்ராஜ், இந்தியில் எழுதுவதாகக் கூறினார். தாய்மொழியாகிய பஞ்சாபியில் ஏன் எழுதவில்லை என்று கவிஞர் மீண்டும் வினவினார். அன்று அந்த அறிவுரை இளைஞருக்கு உவப்பாக இல்லை. எனினும் அது விதைபோல் உள்ளத்தில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் முளைத்தது.

சாந்திநிகேதனத்தை அடுத்து, காந்தியடிகள் வாழ்ந்த சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி இதழின் பணியில் அவர் ஈடுபட்டார். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் பி.பி.சி. நிலையத்தின் இந்தி ஒலிபரப்பில் அறிவிப்பாளராகப் பணியாற்றினார். ஒலிவாங்கியின் முன் அமர்பவனுக்கு முகமும் உடையும் துணைவாரா. குரலில் பொய் கலந்தால் நேயர் உடனே அறிந்துகொள்வர். பிற்காலத்தில் திரையில் நாம் கேட்ட தணிந்த, இயல்பான பேச்சுக்கு அந்த ஆண்டுகள் ஒரு பயிற்சியாக அமைந்திருத்தல் வேண்டும்.

1944இல் தாயகம் திரும்பிய பல்ராஜும் தமயந்தியும் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தனர். வங்கப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு கே.ஏ. அப்பாஸ் இயக்கிய ‘தர்தீ கே லால்’ என்னும் படம் 1946இல் வெளிவந்தது. அதில் இருவரும் நடித்தனர். மறு ஆண்டிலேயே தமயந்தி காலமானார். இளம் வயதில் மனைவியை இழந்த துயரத்தோடு வருவாய்க் குறைவும் சேர்ந்தது. பொதுவுடைமை இயக்கத்தில் கொண்ட ஈடுபாடு அவரைச் சிறைக்கும் அனுப்பியது. ‘ஹல்சல்’ என்ற படத்தில் அவருக்குச் சிறை அதிகாரியின் வேடம். கைதியாக இருந்தவர் சிறையிலிருந்து படப்பிடிப்புக்குச் சென்று அதிகாரியாக நடித்துவிட்டு மீண்டும் சிறைக்குத் திரும்பியது விந்தையிலும் விந்தை!

இத்தனை அனுபவம் பெற்றிருந்தும், காமிராவின் முன் நிற்கும்போது அவருடைய உடல் விறைத்துப் போயிற்று; நா உலர்ந்தது. இதனை அவரே பின்னர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். எழுத்து அவருக்கு எளிதாக வந்தது. 1951இல் குரு தத் இயக்கிய ‘பாஜி’ படத்தின் திரைக்கதையை எழுதியவர் இவரே. நடிப்போ அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. கற்ற கல்வியே அவருக்கும் பாத்திரத்துக்கும் இடையே சுவராக நின்றது எனலாம்.

அச்சுவர் இடிந்தது 1953இல் வெளிவந்த ‘தோ பீகா ஜமீன்’ படத்தில்தான். ‘இரண்டு பீகா நிலம்’ என்பது அதன் பொருள். ஜமீன்தாரிடம் பட்ட கடனை மூன்று மாதத்துக்குள் தீர்க்காவிடில் நிலம் பறிபோகும் என்ற நிலையில், சம்பு என்னும் குடியானவன் கல்கத்தா சென்று ரிக்‌ஷா இழுக்கிறான். இயக்குநர் பிமல் ராய் அந்த வேடத்துக்காக பல்ராஜை அழைத்திருந்தார். மேனாட்டு உடையில் பொலிவோடு வந்து நின்றவரைக் கண்டதும், இவர் இவ்வேடத்துக்குப் பொருந்தமாட்டார் என்றே அவர் எண்ணினார். ‘தர்தீ கே லால்’ படத்தில் குடியானவனாக நடித்ததைப் பல்ராஜ் நினைவூட்டிய பின்னரே அவருக்கு அந்த வாய்ப்பு உறுதியாயிற்று.

வாய்ப்புக் கிடைத்ததும் பல்ராஜ் ஒப்பனை அறையை நாடவில்லை. பம்பாயை அடுத்த ஜோகேஸ்வரியில் மாடு வளர்த்துப் பால் விற்று வாழ்ந்த வடநாட்டு உழைப்பாளர்களின் குடியிருப்புக்குச் சென்றார். அவர்கள் நடப்பதையும், உண்பதையும், தலைப்பாகை கட்டுவதையும் உற்று நோக்கினார். கல்கத்தாவில் ரிக்‌ஷா தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து வண்டி இழுக்கப் பழகினார். அந்தக் கோலத்திலேயே ஒரு கடையில் உயர்ந்த வகைச் சிகரெட் கேட்டபோது, கடைக்காரர் அவரை விரட்டினாராம். ஏழையின் உடை எவ்வளவு கனமானது என்பதை அவர் அன்று உணர்ந்திருப்பார்.

அப்போதும் ஐயம் தீரவில்லை. பசியறியாத தாம் பசித்தவனாக நடிப்பது எங்ஙனம் என்று அவர் சோர்ந்திருந்த வேளையில், பீகாரைச் சேர்ந்த நடுத்தர வயது ரிக்‌ஷாக்காரர் ஒருவர் அருகில் வந்தார். இங்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். பல்ராஜ் படத்தின் கதையைக் கூறினார். கேட்டவருடைய கண்கள் கலங்கின. அவருக்கும் ஊரில் இரண்டு பீகா நிலம் இருந்தது. அது பல ஆண்டுகளாக ஜமீன்தாரிடம் அடமானத்தில் கிடந்தது. அதனை மீட்கவே அவர் வண்டி இழுத்து வந்தார். இது என் கதை என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்து சென்றார். அந்தக் கணத்தில் நடிப்பிலக்கண நூல்கள் அனைத்தையும் மறந்து, அந்த மனிதரின் உயிரையே தம்முள் ஏற்றுக்கொண்டதாகப் பல்ராஜ் எழுதுகிறார். நிலத்தை இழந்த சம்பு, தன் மண்ணில் ஒரு பிடி அள்ளவும் உரிமையற்று நிற்கும் இறுதிக் காட்சியைக் கண்டவர்கள் அதன் உண்மையை அறிவர். 1954இல் கான் திரைப்பட விழாவில் அப்படம் சர்வதேசப் பரிசு பெற்றது.

இதன்பின் படங்கள் பல வந்தன. ‘சீமா’, ‘அனுராதா’, ‘வக்த்’ ஆகியவை அவற்றுட் சில. ‘குலதெய்வம்’ என்னும் தமிழ்ப் படத்தைச் சென்னை ஏவி.எம். நிறுவனத்தார் 1957இல் ‘பாபி’ என்று இந்தியில் எடுத்தபோது, அதிலும் அவர் நடித்தார். தாகூரின் சிறுகதையைத் தழுவிய ‘காபூலிவாலா’ 1961இல் வெளிவந்தது. மகளைப் பிரிந்து வந்து, வேற்றூர்ச் சிறுமியிடம் அவளைக் காணும் பட்டாணியனாக அவர் நடித்தது எளிதில் மறக்கக்கூடியதன்று. அவர் நடித்த படங்கள் யாவும் உயர்ந்தவை என்று கூறுவதற்கில்லை. குடும்பம் நடத்த வேண்டிச் சாதாரணப் படங்கள் பலவற்றையும் அவர் ஏற்றார். ஆனால் அவற்றிலும் மிகையான நடிப்பைக் காண்பது அரிது.

தாகூர் இட்ட விதையும் பயன் தந்தது. அவர் பஞ்சாபி மொழியில் எழுதலானார். பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்று, அப்பயணத்தையும் நூலாக்கினார். 1972இல் புது தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியபோது, அரசியல் விடுதலை பெற்ற பின்னும் பிறரைப் பார்த்தே சிந்திக்கும் வழக்கம் நம்மை விடவில்லை என்று இளைஞர்களை எச்சரித்தார்.

அதே ஆண்டில் அவர் தம் மகளை இழந்தார். அந்தப் புண் ஆறுமுன் நடித்ததே ‘கரம் ஹவா’. எம்.எஸ். சத்யு இயக்கிய இப்படத்தில் அவர் ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்சா. நாடு பிரிந்தபின் சுற்றத்தார் ஒவ்வொருவராகப் பாகிஸ்தான் செல்ல, இவர் மட்டும் பிறந்த ஊரை விட்டகல மறுக்கிறார். பிரிவினையால் ராவல்பிண்டியை இழந்த இந்து ஒருவர், ஆக்ராவை இழக்க மறுக்கும் முஸ்லிமாக நடித்தார். இரு தரப்பாரின் துயரமும் ஒன்றே என்பதை இதனினும் தெளிவாக யார் காட்ட முடியும்? மகள் மாண்டு கிடக்கும் காட்சியில் அவர் கதறவில்லை. அந்த மௌனம் எந்த அழுகையையும் விடக் கொடியது.

அப்படத்துக்குக் குரல் கொடுக்கும் பணியை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13ஆம் நாள், தம் 59ஆம் வயதில் அவர் மறைந்தார். 1974இல் வெளிவந்த அப்படம் தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதைப் பெற்றது.

கற்றவர் ஒருவர் கல்லாதவரின் துயரைப் பேச உரிமையுடையவரா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. முதலில் அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமை உடையவரே அதற்கு உரியவர் என்பதுதான் பல்ராஜ் சாஹ்னியின் வாழ்வு தரும் விடை. நடிகர்க்கு மட்டுமன்றி, பிறர்க்காகப் பேச முற்படும் அனைவர்க்கும் அது பொருந்தும்.