குளச்சலுக்கு டச்சுப்படை ஏன் வந்தது?

போன வாரம் கருங்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிச்சிட்டு நின்னோம். கூட்டுக்காரன் ஒருத்தன் போன்ல உக்ரைன் போர் வீடியோவைக் காட்டி, "வல்லரசுக சண்டை. நமக்கென்னலே?" என்றான். "குளச்சலுக்கு பஸ் ஏறு, காட்டித் தாறேன்" என்றேன்.

குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண் நிக்குது. 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நினைவு. ஸ்கூல்ல இதோட நிறுத்திருவாங்க. ஆனா அந்தப் படை இங்கே ஏன் வந்தது?

மிளகுக்கு. கொச்சியில் டச்சுக் கம்பெனி, அஞ்சுதெங்கில் ஆங்கிலேயக் கம்பெனி. ரெண்டு பேருக்கும் ஒரே சரக்கு வேணும். ஆங்கிலேயர் 1723-லேயே திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் போட்டாச்சு. மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளை ஒண்ணொண்ணாப் பிடிக்க, டச்சுக்காரர்களுக்குப் பயம். அவர் பிடித்ததில் கொட்டாரக்கரைப் பக்கத்து இளையிடத்து சொரூபமும் ஒன்று. அந்த ராணிக்கு நியாயம் கேட்கிறோம் என்று டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். 1741-ல் அவரை அரியணையிலும் ஏற்றினார்கள்.

மார்த்தாண்ட வர்மா திரும்ப அடித்தார். இலங்கையிலிருந்து டச்சுப்படை குளச்சலில் இறங்கி, தோற்றது. பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில்தான் அவர் கல்லறை இருக்கு. 1753 மாவேலிக்கரை ஒப்பந்தத்தில், இனி தலையிடமாட்டோம் என்று டச்சுக்காரர்கள் எழுதிக் கொடுத்தாங்க. மிளகுக்குப் பதிலா அதே மன்னருக்கு ஆயுதம் தரவும் சம்மதிச்சாங்க. ராணியின் நாடு? திரும்பக் கிடைக்கவே இல்லை.

சரி, ஜெயிச்சவங்களாவது தப்பிச்சாங்களா? டச்சுக்காரன் போனான், கூட்டாளியா இருந்த ஆங்கிலேயன் தங்கிட்டான். 1795-ல் ஒரு ஒப்பந்தம், 1805-ல் இன்னொண்ணு. 'பாதுகாப்பு'ன்னு நிறுத்திய கம்பெனிப் படைக்கு வருஷம் 8 லட்சம் ரூபாய் கட்டணும். 1805-ல் அதற்குச் சம்மதித்த தளவாய் வேலுத்தம்பி, நம்ம தலக்குளத்துக்காரர். பணம் பாக்கியாச்சு, நெருக்கடி கூடியது. 1809-ல் அதே கம்பெனிக்கு எதிராகக் குண்டறையில் அறைகூவல் விட்டார். தோற்றுப்போய், மண்ணடியில் உயிரை விட்டார்.

யாரிடமும் உதவி கேட்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. நாடு பறிபோன ராணிக்கு வேற என்ன வழி இருந்துச்சு? ஆனா இப்ப எந்தப் போர்ச் செய்தி வந்தாலும் ரெண்டு விஷயம் தேடுவேன். உதவிக்கு வந்தவனுக்கு என்ன வேணும்? அவன் எப்போ திரும்பிப் போவான்?

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.