கால்நடைப் புண்ணுக்குப் பச்சிலைத் தைலம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நான் மருத்துவனல்லன், இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுபவன். எனினும், இந்த இராஜஸ்தான மண்ணில் 2022ஆம் ஆண்டு நாமெல்லாரும் கண்ட துயரம் என்னைப் பேசத் தூண்டுகிறது. தோல் கழலை நோய் பரவி, நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் அவ்வாண்டில் மாண்டன. பிழைத்த மாடுகளுக்கும் கட்டிகள் உடைந்து புண்ணாயின. ஈ மொய்த்துப் புழு வைத்தது.

அப்புண்ணுக்கு ஏற்ற தைலம் ஒன்றைத் தமிழகக் கால்நடை மருத்துவ அறிஞர்கள் நாட்டு வைத்தியத்திலிருந்து தொகுத்தளித்தனர். தேசியப் பால்வள வாரியம் அதைப் பல மாநிலங்களிலும் பரப்பியது. எடை பாராமல் சரக்கை ஏற்றாத தொழில் என்னுடையது. ஆகவே அளவோடு சொல்கிறேன்.

குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகிய இலைகளில் வகைக்கு 1 கைப்பிடி. பூண்டு 10 பல். மஞ்சள் தூள் 20 கிராம். இவற்றை அரைத்து, 500 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து காய்ச்சி ஆறவைக்க வேண்டும். புண்ணைத் தூய்மை செய்த பின்னரே தடவ வேண்டும். புழு இருப்பின், முதல் நாள் மட்டும் சீத்தாப்பழ இலையை அரைத்துப் பூசுதல் வேண்டும்.

மஞ்சளும் வேம்பும் கிருமியை அடக்கும். வேம்பின் நெடி ஈயை விலக்கும். எண்ணெய் புண் காய்ந்து வெடிக்காமல் காக்கும். மருதாணிக்கு நாம் ஊருக்கு எழுத வேண்டியதில்லை. பாலி மாவட்டத்துச் சோஜத் நகரம் மருதாணிக்கே பேர்போனது!

ஆயினும் ஒன்றை மறவற்க. இத்தைலம் புண்ணை ஆற்றுமேயன்றி நோயை ஒழிக்காது. நோய் வராமல் காக்கத் தடுப்பூசி வேண்டும். காய்ச்சல் கண்டாலும், மாடு தீனி மறுத்தாலும், புண் ஆழமாயினும் கால்நடை மருத்துவரை அழைப்பதே கடமை. நாய், பூனைகளுக்கு இதைத் தடவலாகாது. அவை நக்கி விழுங்கும். பூண்டு அவற்றின் குருதியைக் கெடுக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1995ஆம் ஆண்டில், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கிவிட்டார்கள்! நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தியன்றோ அது? ஆனால், அறிந்திருந்தோம் என்னும் வாய்ச்சொல் வழக்கில் செல்லவில்லை. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தார் பழைய நூல்களையும், 1953இல் அச்சான மருத்துவ இதழ்க் கட்டுரையையும் சான்றாக நீட்டினர். 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. எழுதி வைத்தவையே நம்மைக் காத்தன.

ஆதலின், தாய்மார்களே, உங்கள் வீட்டு முதியோர் அறிந்த கால்நடைப் பக்குவங்களை அளவோடு எழுதி நம் சங்கத்திற்குத் தாருங்கள். இங்கே ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் ராய்க்கா மக்களிடமும் கேட்டு எழுதுவோம். அவர்கள் மொழி வேறாயினும், வாயில்லாச் சீவனின் வலி எங்கும் ஒன்றே.