கடைக்குள் தண்ணீர் வந்த இரவு

(சங்கத்தின் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆபத்துக் காலத்துக்குக் கடையை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொன்னார்கள். தயாராக இல்லாமல் மாட்டிக்கொண்டவன் பேசினால்தான் சரியாக வரும் என்று செயலாளர் நினைத்திருக்க வேண்டும்.

ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் அத்தா தொடங்கிய மளிகைக் கடையை நான் நடத்துகிறேன். 2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. டிசம்பர் வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங் என்றுதான் நமக்குப் பழக்கம். முழங்கால் வரை வரும் என்று கணக்குப் போட்டு, சாமான்களை மேல் தட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் தண்ணீர் மேல் தட்டையும் தாண்டிவிட்டது.

சாமான் போனதை விடுங்கள். கடையின் பின்பக்கம் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் தங்கியிருந்தான். "மொதலாளி, கரண்டு போயிருச்சு, ஷட்டர் ஏற மாட்டேங்குது" என்று போன் செய்தான். திருடனுக்குப் பயந்து பின் கிரில்லுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டிருந்தேன். சாவி என் வீட்டில். சாலையோ மூழ்கிவிட்டது. பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே மாடியிலிருந்து இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கம்பியால் பூட்டை உடைத்து அவனை வெளியே இழுத்தார். அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

மோட்டார் ஷட்டரைக் கரண்டு இல்லாதபோது கையால் ஏற்ற ஒரு சங்கிலி இருக்கும். என் கடையில் அது மேலே பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்தது. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா வாங்கிய நான் ஒரு நாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை, பையனுக்கும் காட்டியதில்லை. இப்போது வெளிப்பூட்டே கிடையாது. உள்ளே படுப்பவன் கையில் சாவி இருக்கும். மாதம் ஒரு முறை கரண்டை அணைத்து அவனையே ஷட்டரை ஏற்றச் சொல்கிறேன்.

அடுத்தது 555 புத்தகம். கடனை எழுதி வைப்பது பற்றியதுதான் குர்ஆனின் மிக நீளமான வசனம். எழுதத்தான் எழுதினோம். வைத்தது எங்கே? கல்லாவுக்குக் கீழே டிராயரில். எல்லாம் கூழாகிவிட்டது. வெளியில் நின்ற பாக்கி எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிலர் தாமாகவே வந்து கொடுத்தார்கள். சிலர் வரவில்லை, அவர்கள் வீடும் மூழ்கிய வீடுதானே, எந்த முகத்தோடு கேட்பது? இப்போது கடை சாத்தும்முன் அன்றைய பக்கங்களைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரியின் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். லைசென்சு, வாடகை ஒப்பந்தம், பையனின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அடிப்படைத் தீ பாலிசியில் வெள்ளம் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தகாஃபுலிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். விற்ற ஏஜெண்ட் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. இன்னொன்று: ஒரு லட்சம் ரிங்கிட் சரக்கை ஐம்பதாயிரத்துக்குக் குறைத்துக் காட்டினால், இருபதாயிரம் நட்டத்துக்குப் பத்தாயிரம்தான் கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறோம் என்று நம்மில் பலர் செய்வது இதைத்தான்.

தண்ணீர் வடிந்ததும் மெயின் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். முதலில் வயர்மேன் பார்க்கட்டும். கழுவும்முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மழை நாளில் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் உங்கள் பக்கத்து ஆறு எந்த அளவில் ஓடுகிறது என்று பாருங்கள்.

மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பாலிசியைக் கையோடு கொண்டுவந்தவர்கள் பின் மேசைக்கு வாருங்கள், வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். வஸ்ஸலாம்.