கடலின் பருவமும் மீன் விளைவும்



கண்மாய்க்கு நீர் வரும் காலம் அறியாமல் நாற்றுப் பாவுகிறவர் மதுரைச் சீமையில் எவருமில்லை. கடலுக்கும் அவ்விதமே ஒரு விளைவுகாலம் உண்டு. மீன் கூடை சுமந்து பிழைக்கும் ஸ்திரீகளுக்குக் கடன் கொடுக்கும் சங்கங்கள் அதை அறிந்திருத்தல் அவசியம்.

கடலில் விளையும் பயிர் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாசியாகும். அதைச் சிறு பிராணிகள் தின்னும். அவற்றை மீன்கள் தின்னும். சாளை என்றும் மத்தி என்றும் வழங்கும் மீனோ பாசியையே நேராகத் தின்று கொழுக்கும். பாசிக்கு வெயிலும் எருவும் வேண்டும். வெயில் மேலே, எரு கீழே. மிகத் தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே பயிர் வளர்க்கும் வெளிச்சம் எட்டாது. மடிந்த ஜந்துக்களோ அமிழ்ந்து அடியில் மட்கி எருவாகின்றன. கோடையில் மேல்நீர் சூடேறி இலேசாகி, குளிர்ந்த அடிநீரின்மேல் எண்ணெய் போல் மிதப்பதால் இரண்டும் கலப்பதில்லை. மேலே எரு தீர்ந்துபோகிறது.

இந்த நிலத்தை உழுது புரட்டுவது காற்றே. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரள, கன்னியாகுமரிக் கரைகளையொட்டி வீசும்போது, பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையினின்று அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப, அடியிலுள்ள குளிர்ந்த நீர் எருவோடு மேலெழும்புகிறது. பாசி பெருகுகிறது, சாளைக் கூட்டம் தொடர்கிறது. எண்ணெய் எடுத்த சாளைச் சக்கை முற்காலத்தில் தோட்டங்களுக்கு உரமாயிற்று. கடலடி எரு கரையேறிய விந்தை இது!

விளைவு ஆண்டுதோறும் ஒத்திராது. 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021-ல் 3,297 டன்னாகச் சுருங்கிற்று. கடலின் வெப்பமும் காற்றும் மாறியது, குஞ்சு மீனையும் வாரியது ஆகிய இரண்டையும் காரணமாகச் சொல்லுகிறார்கள்.

மதுரைக்கு அணித்தான கடல் இராமேசுவரத்தின் இருபுறமும் உள்ளது. தென்மேற்குக் காற்றில் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கேயுள்ள ஆழங்குறைந்த பாக் விரிகுடா அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றில் இது மாறும். அதற்கேற்பச் செம்படவரும் கரை மாறுவர். அன்றியும், மீன் இனப்பெருக்கத்தை முன்னிட்டு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலிற் செல்லலாகாது. 2017-க்கு முன் இத்தடை 45 நாளே. அந்நாட்களில் நாட்டுப்படகு மீனும், அயல் கரை வரத்தும், கருவாடுமே கூடைக்குக் கிடைப்பன. விலையோ ஏறிவிடும்.

மே மாதத்தில் தவணை விழுமாறு பத்திரம் வாங்கிய சங்கம், அந்த அம்மாள் நாணயம் தவறினாளென்று பேரேட்டில் எழுதுமுன், அம்மாதம் அவள் கூடையில் என்ன இருந்தது என்று விசாரிக்க வேண்டும். அதே தவணையை ஆகஸ்டில் குறித்தால், படகுகள் திரும்பி இரண்டு மாதமாகியிருக்கும்.