36 டிகிரிதானே? வெயில் வேற, புழுக்கம் வேற

போன எபிசோட் முடியும்போது, இந்த வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசலாம்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன். காரணம் எங்க அம்மா.

முதல்லயே சொல்லிடறேன், அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா ஜூன் மாசம் ஒருநாள் சாயங்காலம் சமையல்கட்டுல மயங்கி விழுந்துட்டாங்க. கத்திரி முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகியிருந்தது. அன்னைக்கு மதியம் அம்மா எனக்கு போன் பண்ணி, "இன்னைக்கு என்னால முடியலடா, ஒரே புழுக்கமா இருக்கு"ன்னு சொன்னாங்க. நான் ஆபீஸ்ல ஏசிக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு, போன்ல வெதர் ஆப்பைத் திறந்து பார்த்துட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து 39ம்மா, இன்னைக்கு 36தான். குறைஞ்சிருக்கு."

அம்மா, "வெயில் கம்மிதான்டா, புழுக்கம்தான் தாங்கல"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. மூணு மணி நேரம் கழிச்சு பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணாங்க.

ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. உடம்புல நீர்ச்சத்தும் உப்பும் குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. மறுநாள் வீட்டுக்கு வந்துட்டோம். ஆனா அந்த 36ங்கற நம்பர் மட்டும் என் மண்டையை விட்டுப் போகல. நான் ஒரு இன்ஜினியர். ஒருபக்கம் அம்மா ஒரு அறிகுறியைச் சொல்றாங்க, இன்னொரு பக்கம் டேஷ்போர்டு எல்லாம் பச்சையா இருக்குன்னு காட்டுது. நான் டேஷ்போர்டை நம்பினேன். ஆபீஸ்ல ஒரு கஸ்டமர் கிட்ட இப்படிப் பேசியிருந்தா என் மேனேஜர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து இதைப் பத்திப் படிச்சேன். படிச்சதுல புரிஞ்சது இதுதான்: அம்மா சொன்ன வார்த்தை சரி, நான் பார்த்த நம்பர்தான் தப்பான நம்பர்.

ஒரு பானையில இருந்து ஆரம்பிக்கலாம். எங்க அம்மாச்சி வீடு மதுரைப் பக்கம். சின்ன வயசுல மே மாச லீவுக்குப் போனா, வெளிய வெயில் கொளுத்தும், ஆனா மண்பானைத் தண்ணி பல்லு கூசுற மாதிரி இருக்கும். அதே மாதிரி ஒரு பானையை வாங்கிட்டு வந்து சென்னையில எங்க வீட்டுல வெச்சோம். ஏதோ பேருக்குக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். பானைக்காரர் ஏமாத்திட்டார்னு அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தார். பாவம், அவர் மேல தப்பே இல்லை.

பானையில இருந்து கசியற தண்ணி ஆவியாகும்போது, பானையோட சூட்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போகுது. காத்து காய்ஞ்சு இருந்தா தண்ணி வேகமா ஆவியாகும். காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய இருந்தா அந்த வேகம் குறைஞ்சிடும். கடலோரத்துல நடக்கறது இதுதான்.

நம்ம உடம்பும் அந்தப் பானை மாதிரிதான். உடம்போட உள் வெப்பநிலை 37 டிகிரி. சுத்தி இருக்கற காத்தும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வந்துட்டா, சூட்டை வெளியேத்த உடம்புகிட்ட மிச்சம் இருக்கற ஒரே வழி வேர்வை. வேர்த்தா மட்டும் போதாது, அந்த வேர்வை ஆவியாகணும். சென்னையில என்ன ஆகுதுன்னா, வேர்வை ஆவியாகாம சட்டையை நனைச்சுக்கிட்டு சொட்டுது. உடம்பு தண்ணியையும் இழக்குது, உப்பையும் இழக்குது, ஆனா சூடு மட்டும் வெளிய போகல.

இதை அளக்க ஒரு முறை இருக்கு. தெர்மாமீட்டரோட நுனியில ஈரத்துணியைச் சுத்தி, காத்து படற மாதிரி வெச்சு அளப்பாங்க. இதுக்குப் பேர் வெட் பல்ப் டெம்பரேச்சர், தமிழ்ல ஈரக்குமிழ் வெப்பநிலை. தண்ணி ஆவியாகறது மூலமா ஒரு பொருள் எவ்வளவு தூரம் குளிர முடியும்ங்கறதை இது சொல்லுது. அதாவது பானையோட நிலைமை என்னங்கறதை.

நான் சும்மா ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்மாவட்டத்துல ஒரு ஊர், 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னு வெச்சுக்குவோம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 வருது. இப்போ சென்னை, 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். சுமார் 29 வருது! ஆப்ல 6 டிகிரி கம்மியா தெரியற ஊர்ல, வேர்வையால உடம்பு குளிர்றது அவ்வளவு கஷ்டம். அடுப்பு எரியற, குக்கர்ல ஆவி வர்ற, ஜன்னல் சின்னதா இருக்கற ஒரு சமையல்கட்டுல இது இன்னும் மேல போகும்.

29ன்னா என்ன அர்த்தம்? 35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலையை மனுஷ உடம்பு தொடர்ந்து சில மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்னு 2010-ல ஒரு ஆய்வு வந்தது. அது ஏட்டுக் கணக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல நிஜமாவே இளைஞர்களை ஒரு அறைக்குள்ள வெச்சுச் சோதிச்சு, 2022-ல முடிவை வெளியிட்டாங்க. ஈரமான சூட்டுல, ஆரோக்கியமான இளம் வயசுக்காரங்களுக்கே சுமார் 31-ல உடம்பு தன்னைக் குளிர்விச்சுக்க முடியாம உள்சூடு ஏற ஆரம்பிச்சிடுது. எங்க அம்மாவுக்கு 58 வயசு, பிபி மாத்திரை வேற சாப்பிடறாங்க.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். அப்போ 42 டிகிரி வறண்ட வெயில் பரவாயில்லையான்னா, இல்லவே இல்லை. அதுவும் ஆளைக் கொல்லும். நான் சொல்ல வர்றது, ரெண்டும் ரெண்டு வேற ஆபத்து. நம்ம ஊர்ல இதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தையே இருக்கு, வெயில், புழுக்கம்னு. ஆனா நமக்கு அறிவிக்கறது பெரும்பாலும் வெயிலை மட்டும்தான்.

இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலைன்னு எப்போ சொல்லும்? சமவெளியில குறைஞ்சது 40 டிகிரி, கடலோரத்துல 37 டிகிரி இருக்கணும், அதோட வழக்கத்தை விட 4.5 டிகிரியாவது அதிகமா இருக்கணும். இந்த வரையறையில ஈரப்பதம்ங்கற விஷயமே இல்லை. 2023-ல இருந்து ஈரப்பதத்தையும் சேர்த்து ஹீட் இண்டெக்ஸ்னு ஒண்ணைச் சோதனை முயற்சியா வெளியிடறாங்க. நல்ல ஆரம்பம். ஆனா என் நண்பர்கள்ல ஒருத்தருக்குக் கூட அப்படி ஒண்ணு இருக்கறது தெரியல.

2024 அக்டோபர் 6, மெரினாவுல விமான சாகச நிகழ்ச்சி. உங்கள்ல நிறைய பேர் போயிருப்பீங்க. 5 பேர் இறந்து போனாங்க, நிறைய பேர் மயங்கி விழுந்தாங்க. கூட்டம், தண்ணி, போக்குவரத்துன்னு பல காரணங்களைப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனா அது அக்டோபர் மாசம். வெயில் 40-ஐ நெருங்கக்கூட இல்லை. அதே மாசக் கடைசியில தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்னும் சொன்னாங்க. இது முக்கியமான முடிவு. இனிமே வெயில்ல ஒருத்தர் இறந்தா, அது ஒரு பேரிடர் மரணம்.

சரி, இதுல காலநிலை மாற்றம் எங்க வருது? "சென்னையில புழுக்கம் எப்பவும் இருக்கறதுதானே மச்சி"ன்னு கேப்பீங்க. இருந்ததுதான். ஆனா ஒரு எளிய இயற்பியல் விதி இருக்கு: காத்து 1 டிகிரி சூடானா, சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவியைப் பிடிச்சு வெச்சுக்க முடியும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல 10 லட்சம் மூலக்கூறுக்கு சுமார் 280 கார்பன் டை ஆக்சைடு இருந்தது, இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. அந்தச் சூட்டுல பெரும்பகுதி கடலுக்குள்ளதான் போகுது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலோட மேற்பரப்பு 1951-ல இருந்து 2015-க்குள்ள சுமார் 1 டிகிரி சூடாயிருக்குன்னு மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. கடல் சூடானா ஆவியும் அதிகம். அந்தக் கடலுக்குப் பக்கத்துலதான் நாம குடியிருக்கோம்.

"ஒரு டிகிரிதானே, ஏசியை 24-ல இருந்து 25-க்கு மாத்தினா யாருக்குத் தெரியப்போகுது?" இது எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி. ஐடியில இருக்கறவங்களுக்கு நான் சொல்ற பதில் இது. உங்க சர்வரோட சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 200 மில்லிசெகண்ட்ல இருந்து 220 ஆகுது. மீட்டிங்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா பி99-ஐப் பாருங்க, அதாவது நூறுல ஒருத்தருக்குக் கிடைக்கற மோசமான அனுபவம். அங்க பாதி ரிக்வெஸ்ட் டைம்அவுட் ஆகியிருக்கும். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே ஓரத்துல இருக்கறது எகிறிடும். உலகச் சராசரி 1 டிகிரி ஏறினா, வருஷத்துல எப்பவாவது வந்த மோசமான நாள் அடிக்கடி வரும், முன்னாடி வராத நாளும் வரும். அந்த நூறுல ஒருத்தர் யார்? மொட்டை மாடிக்கு நேர் கீழ குடியிருக்கறவங்க, தகரக் கூரைக்குக் கீழ தூங்கறவங்க, சித்தாள் வேலை பாக்கறவங்க, நமக்குச் சோறு கொண்டு வர்ற டெலிவரி தம்பி, சமையல்கட்டுல நிக்கற அம்மா.

செய்ய முடியாத விஷயம் இல்லை இது. 2010 மே மாசம் அகமதாபாத்துல கடும் வெப்பம் வந்து, வழக்கத்தை விட 1,300 பேருக்கு மேல கூடுதலா இறந்து போனாங்க. அதுக்கு அப்புறம் 2013-ல அந்த ஊர் மாநகராட்சி ஒரு திட்டம் போட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பயிற்சி, குடிதண்ணீர் பந்தல்னு. தெற்காசியாவுலயே அதுதான் முதல் திட்டம். நமக்கும் அது வேணும், ஆனா புழுக்கத்தையும் கணக்குல எடுத்துக்கிட்டு.

அதுவரைக்கும் நம்ம வீட்டுல என்ன பண்ணலாம்? ஆப்ல டெம்பரேச்சரோட ஈரப்பதத்தையும், "ஃபீல்ஸ் லைக்"னு போட்டிருக்கறதையும் பாருங்க. ராத்திரி வெப்பநிலையையும் பாருங்க. பகல்ல வாங்கின சூட்டை உடம்பு ராத்திரிதான் இறக்கி வைக்கும். கான்கிரீட் கூரை அந்த நேரத்துலதான் சூட்டைக் கீழ கக்கிக்கிட்டு இருக்கும். வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது, அதனால தாகத்துக்குக் காத்திருக்காம தண்ணி, மோர், கஞ்சி கொடுங்க. சில பிபி மாத்திரைகள் உடம்புல இருந்து நீரையும் உப்பையும் வெளியேத்தும். நீங்களா நிறுத்தாதீங்க, வெயில் காலத்துல என்ன பண்ணணும்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

யாராவது சூட்டுல குழம்பிப் பேசினா, நாக்கு குழறினா, நினைவு தப்பினா, அது அவசர நிலை. 108-க்கு போன் பண்ணுங்க. நிழலுக்குக் கொண்டு போய், உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. கழுத்து, அக்குள்ல ஈரத்துணியோ ஐஸோ வைங்க. நினைவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

எங்க வீட்டுல இப்போ சமையல் காலையில 8 மணிக்குள்ள முடிஞ்சிடுது. ராத்திரிக்குத் தோசை, அது என் டூட்டி. வட்டமா வரல, ஆனா வருது. சமையல்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாச்சு. அஞ்சு வருஷமா அம்மா கேட்டுக்கிட்டு இருந்தது. ரெண்டாயிரம் ரூபாய் கூட ஆகல.

இந்த எபிசோடைப் பத்தி அம்மாகிட்ட சொன்னேன். ஈரக்குமிழ் வெப்பநிலை, 7 சதவீதம், எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "இதைத்தானடா நான் அன்னைக்கு போன்ல சொன்னேன்"னாங்க.

இன்னைக்கு வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க மக்களே. எத்தனை டிகிரின்னு கேக்காதீங்க, புழுக்கமா இருக்கான்னு கேளுங்க. அவங்க ஆமான்னு சொன்னா, ஆப்பைத் திறக்காதீங்க. அடுத்த வாரம் நிஜமாவே டேட்டாபேஸ் பத்திப் பேசறேன்.